கொல்லிமலைத் தோட்டத்துக்குத் தனியாக பைக்கில் போகிறவர்களுக்கு

சேந்தமங்கலத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால், கொல்லிமலைக்கு ஏறப் போகிறவர்களையும் பார்க்கிறேன், இறங்கி வருகிறவர்களையும் பார்க்கிறேன். ஏறுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எழுபது வளைவையும் இந்த வண்டி தாங்குமா அண்ணா?" தாங்கும். மலைக்காரர்கள் நூறு சிசி வண்டியில் ஆளும் பலாப்பழமுமாக தினமும் போய் வருகிறார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு இரண்டு இடங்களை. தார் ரோடு முடிந்து தோட்டத்து வீடு வரைக்கும் போகும் மண்பாதை ஒன்று. திரும்பி வரும்போது இறக்கம் இன்னொன்று.

முதல் வேலை போன். மிளகுத் தோட்டத்துக்குள் ஓர் அறையோ ஓட்டுவீடோ கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் மேலே பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ரோடு எப்படி என்று கேட்டால் "நல்லா இருக்குதுங்க, கார் வரும்" என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு அது நல்ல ரோடுதான். அதனால் கேள்வியை மாற்றுங்கள். "மழை பெய்தால் உங்கள் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?" வீட்டு வாசலில் என்றால் கவலையில்லை. ரேஷன் கடைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருவோம் என்றால், நீங்களும் அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தயாராக வாருங்கள். தார் முடியும் இடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், எந்த நாடு (மேலே பல ஊர்கள் சேர்ந்த பகுதியை அப்படித்தான் சொல்வார்கள்), எந்த ஊர் என்பதையும் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். வாழவந்திநாடு, அரியூர்நாடு, வளப்பூர்நாடு என்று நாட்டுப் பெயரைச் சொல்லி விசாரித்தால்தான் மேலே வழி சொல்லுவார்கள். போனில் வரும் மேப், சிக்னல் போனதும் பாதி வழியில் நின்றுவிடும்.

மேப்பைப் பற்றி இன்னொன்று. துறையூர்ப் பக்கமிருந்து பார்த்தால் புளியஞ்சோலை மலைக்கு ஒட்டினாற்போலத் தெரியும். அங்கிருந்து ஆகாய கங்கை அருவிப் பக்கம் ஏறுவது நடைபாதை, வண்டிக்கு வழி கிடையாது. வண்டிக்கு காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம், இல்லாவிட்டால் ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழி. எழுபது வளைவு இருப்பது காரவள்ளி ரோட்டில். தனியாக முதல் தடவை வருகிறவர், அதுவும் மழைக்காலம் என்றால், முள்ளுக்குறிச்சி வழியையே நான் சொல்வேன். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் இரண்டு வழியுமே வேண்டாம், கூட்டம்.

வண்டிக்கு வருவோம். பிரேக் ஷூ பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஊருக்குள் ஓட்ட அது போதும், இங்கே போதாது. டிஸ்க் பிரேக் என்றால் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா பாருங்கள். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். தொடர்ந்து பிடித்துக் கொதித்தால் லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். செயின் தளர்ச்சி, டயர் பட்டன், ஹெட்லைட், இவை உங்களுக்கே தெரியும். கையோடு எடுத்துப் போக வேண்டியவை: கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பேனர் செட், டார்ச், டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்ப்பும். ஸ்போக் வீல் வண்டிக்காரர்கள் புது டியூப் ஒன்றை சீட்டுக்கடியில் சொருகிக்கொள்ளுங்கள்; பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டாலும் மேலே ஒட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார், உங்கள் சைஸ் டியூப் கிடைக்காது. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். ரொக்கமும் சில்லறையாக இருக்கட்டும்.

மூட்டையைக் கேரியரில் உயரமாகக் கட்டாதீர்கள். ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பையை சீட்டின் மேல், உங்கள் முதுகுக்கு ஒட்டினாற்போல வைத்து, பழைய டியூபை வாராக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். கொக்கி வைத்த கயிற்றை விட அது நன்றாகப் பிடிக்கும், செலவும் இல்லை.

அடிவாரத்தில் நின்று தோட்டக்காரருக்கு ஒரு போன். "ஏற ஆரம்பிச்சிட்டேன், மூன்று மணிக்குள்ள வந்துடுவேன், வரலைன்னா ஆள் அனுப்புங்க." வீட்டுக்குச் சொல்வது பாசம், தோட்டக்காரருக்குச் சொல்வதுதான் உதவிக்கு வரும். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் ஓரக்கல்லே தெரியாது, அதனால் மதியத்துக்குள் ஏறத் தொடங்குங்கள்.

ஏற்றம் சுலபம். வளைவுக்குள் போன பிறகு கியர் குறைக்காமல், அதற்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவு உள்வளைவு. செங்குத்தாக இருக்கும், முதல் கியர். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் பஸ் எதிரில் வந்தால் சட்டம் பேசாமல் ஒதுங்கி நில்லுங்கள். வளைவுக்கு வளைவு எண் எழுதியிருக்கும். அங்கே குரங்கு நிற்கும், தின்பண்டத்தை வெளியே தொங்கவிடாதீர்கள்.

சோளக்காடு தாண்டினால் ரோடு சமாதானமாகிவிடும். அப்புறம் எங்கேயோ தார் முடியும். அங்கே நில்லுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முதல் நூறடியை நடந்து பாருங்கள். செம்மண் காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஈரமாக இருந்தால் செருப்பில் அப்புகிற மண்ணைப் பாருங்கள். அதே மண்தான் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி, கொஞ்ச தூரத்தில் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். ஜீப் போன தடம் இரண்டு பள்ளமாக இருக்கும், நடுவில் புல் மேடு. பள்ளத்தில் இறங்கிவிட்டால் அதிலேயே போங்கள், பாதியில் மேட்டுக்கு ஏறப் பார்த்தால் முன்சக்கரம் விளிம்பில் வழுக்கிச் சாய்த்துவிடும். மேட்டில் தொடங்கினால் மேட்டிலேயே முடியுங்கள். முதல் கியர், ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக, முன்பிரேக்கில் விரலே வேண்டாம். பார்வை பத்தடி முன்னால் இருக்கட்டும்; சக்கரத்தைப் பார்த்து ஓட்டினால் சக்கரம் பார்த்த இடத்துக்கே போகும். மண் அடைத்துக்கொண்டால் முறுக்காதீர்கள், கிளட்ச் பிளேட் கருகும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு குச்சியால் குத்தி எடுங்கள். டயரில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் வரும் என்று வீடியோவில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பம்ப் கையில் இல்லாவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது.

வழுக்கி விழுந்தால் தனியாளாக வண்டியைத் தூக்க வேண்டியிருக்கும். கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலால் உந்தி எழுங்கள். இடுப்பை வளைத்துத் தூக்கினால் இரண்டு நாள் படுக்கைதான்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஹாரன் அடிக்காதீர்கள், நாய்கள் சும்மா இருக்கும். தை, மாசியில் போனால் களத்தில் மிளகு காயும். அதன் ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக்கல் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி மழையில் ஸ்டாண்டு மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்து கிடக்கும். சாவியை ஆஃப் செய்தோமா என்று இரண்டு தடவை பாருங்கள். புது வண்டிகளில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வது பெரும்பாலும் நடக்காது. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சாமைச் சோறு கிடைக்கும். கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ராத்திரிக்கு ஸ்வெட்டர் தேவைப்படும்.

இறக்கத்துக்கு ஒரே விதி: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களின் பிரேக் ஷூவைத்தான் நான் கழற்றுகிறேன். லைனிங் கண்ணாடி போல மினுமினுக்கும், கருகிய வாடை அடிக்கும். பிரேக்கை விடாமல் தேய்க்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு, ஆக்ஸிலேட்டரைச் சுத்தமாக விட்டு வேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். ஸ்கூட்டர்காரர்கள் பத்து வளைவுக்கு ஒருமுறை நின்றே ஆக வேண்டும். நின்றதும் உள்ளங்கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள், தொட வேண்டாம். அடுப்புக்கு முன்னால் இருப்பது போலச் சுட்டால், சூடு தணிகிற வரைக்கும் கிளம்பாதீர்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். டிரம் விரிசல் விடும், டிஸ்க் கோணும்.

காரவள்ளிக்கு வந்த பிறகும் நேராக ஹைவேயில் ஏறி விரட்ட வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு, செயினில் அப்பிய செம்மண்ணைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு ஆயில் விட்டு, சமதளத்தில் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். முன்னைவிட ஆழமாக அழுத்த வேண்டியிருந்தால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிட்டு ஊர் போய்ச் சேருங்கள்.