கோடியக்கரைக்கு ஒரு நாள்: வீட்டோடு போகிறவர்களுக்கு

முதல் தடவை கோடியக்கரை போனபோது நாங்கள் பார்த்தது ஒரு குரங்குக் கூட்டம், நாலு ஆடு, கொதிக்கிற மணல், அவ்வளவுதான். மன்னார்குடியில் எட்டு மணிக்கு நிதானமாகக் கிளம்பினோம். வேதாரண்யம் கோயிலில் சாமி கும்பிட்டு, ஓட்டலில் டிபன் முடித்து, கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. "மான் எங்கம்மா?" என்று கேட்டுக் கேட்டே என் பையன் தூங்கிவிட்டான். மான் அங்கேயேதான் இருந்தது, வெயிலுக்கு நிழல் பார்த்து ஒதுங்கியிருந்தது. அறிவுள்ள பிராணி. வெயிலில் அலைந்தது நாங்கள்தான்.

அதற்கப்புறம் நாலு தடவை போய்விட்டேன். இப்போது தெருவில் யார் கோடியக்கரை போவதாக இருந்தாலும் என் தையல் கடைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அந்த இடத்துக்குப் பகல் கிடையாது. விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை ஒரு பொழுது, மூன்றரையிலிருந்து இருட்டும்வரை இன்னொரு பொழுது. நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தைப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது என்பதுதான் திட்டம். மற்றதெல்லாம் சுலபம்.

மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள். வெளிநாட்டுப் பறவைகள் அக்டோபரிலிருந்தே வர ஆரம்பிக்கும், மார்ச் வரை இருக்கும். அதைக் கேள்விப்பட்டு நாங்கள் ஒரு நவம்பரில் போனோம். நமக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழைக்காலம் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சதுப்புப் பக்கம் போகிற மண் பாதையில் வேன் சக்கரம் புதைந்து, என் வீட்டுக்காரரும் நாத்தனார் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். அந்தச் சேறு இரண்டு துவையலுக்கும் போகவில்லை. தவிர, தண்ணீர் ரொம்ப ஏறிவிட்டால் பூநாரை (ஃபிளமிங்கோ) அங்கே நிற்காது. அதற்கு முழங்கால் மூழ்குகிற ஆழம்தான் தோது. பொங்கல் கழிந்து ஒரு வாரம் பத்து நாளிலிருந்து மாசி பாதிவரை போனால் பாதை காய்ந்திருக்கும், பறவையும் இருக்கும், வெயிலும் தாங்கும். மான் மட்டும் போதும் என்றால் எந்த மாதமும் போகலாம்.

தேதி குறிக்குமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கோடியக்கரைக் கடலுக்கு ஆதிசேது என்று பெயர். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் சுற்றுவட்டாரமே தர்ப்பணம் கொடுக்கவும் முழுக்குப் போடவும் திரண்டு வந்துவிடும். என் மாமியார் தை அமாவாசைக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "ஏன் அத்தை, முழுக்குப் போட ஒருநாள், மான் பார்க்க ஒருநாள்னு வச்சிக்கலாமே" என்றேன். "ஒரே வேன் வாடகையில முடியிற காரியத்துக்கு ரெண்டு வாடகையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மான் வெளியே தலைகாட்டவில்லை. முழுக்கு மட்டும் நல்லபடி முடிந்தது.

மன்னார்குடியிலிருந்து கோடியக்கரை சுமார் 75 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி, ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் வழியாக வேதாரண்யம், அங்கிருந்து இன்னும் 11 கிலோமீட்டர். நாங்கள் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவோம். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் கொண்டிருக்காதீர்கள். முதல் நாள் ராத்திரியே போடப்போகிற துணியைப் போட்டுப் படுக்க வைத்து, அப்படியே தூக்கி வேனில் போடுங்கள். கருப்பம்புலம் பக்கம் முல்லைக் கொல்லைகளில் அந்த இருட்டிலேயே பூப் பறிக்க ஆள் நடமாட்டம் இருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டால் வண்டிக்குள் வாசனை வரும், தூங்குகிறவர்கள் தானாக எழுந்துவிடுவார்கள். வேதாரண்யத்தில் வண்டியை நிறுத்தி எல்லாரையும் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். "எனக்கு வரல" என்கிற பிள்ளையையும் சேர்த்துத்தான். அதற்கப்புறம் நம்பி நிற்க இடமில்லை. பெண் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் மான், பறவை எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். டீசலும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

வண்டி இல்லாதவர்கள் வேதாரண்யத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகலாம். ஆனால் பஸ் நேரமும் மான் நேரமும் ஒத்துவராது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பது மேல்.

ஆறு மணிவாக்கில் வனத்துறைச் சாவடியில் இருந்தால் சரி. சீட்டு வாங்கும்போதே அங்கிருக்கிற காவலரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "பூநாரை எங்க இருக்கு?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்குத் தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேளுங்கள். சதுப்பில் காற்று அடிக்கிற பக்கத்துக்குத் தண்ணீர் நகரும், தண்ணீரைத் தொட்டுப் பறவை நகரும். பம்ப்ஹவுஸ் பக்கமா, கோவைத்தீவுப் பக்கமா என்று அவர்கள் கை காட்டுவார்கள், எதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் சொல்வார்கள். இந்த ஒரு கேள்விக்கு அப்புறம் உங்களை மதித்துப் பேசுவார்கள் என்பது கூடுதல் லாபம்.

முதலில் புல்வெளி. இங்கே இருப்பது வெளிமான். புள்ளிமானும் உண்டு, ஆனால் கோடியக்கரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெளிமான்தான். பெட்டையும் குட்டியும் காய்ந்த புல் நிறத்தில் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது. கிடா அப்படியில்லை. முதுகெல்லாம் கறுப்பு, வயிறெல்லாம் வெள்ளை, இரண்டும் சேருமிடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிய மாதிரி ஒரு நேர்க்கோடு. முப்பது வருஷமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறேன், அப்படி ஒரு சேர்ப்பு என் கையில் வந்ததில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தலையில் முறுக்கிய கொம்பு. பெட்டைகள் பக்கத்தில் இருந்தால் மூக்கை வானத்துக்குத் தூக்கி, காதைத் தொங்கவிட்டு, ஒரு நடை நடக்கும் பாருங்கள். என் பெண் அதைப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற அண்ணனுங்க மாதிரியே இருக்கும்மா" என்றாள்.

மானைத் தேடிப் போகாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சும்மா உட்காருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மாமியாரின் முழங்கால். அவரால் நடக்க முடியாது என்று மடக்கு நாற்காலி கொண்டுபோய் ஒரு மரத்தடியில் போட்டு உட்காரவைத்துவிட்டு, நாங்கள் ஒரு சுற்று சுற்றி வந்தோம். எங்களுக்குத் தூரத்தில் பத்து முதுகு தெரிந்தது. திரும்பி வந்தால், "இப்பதான் இருவது போச்சு, இந்தா, இவ்வளவு கிட்டக்க" என்று கையை நீட்டிக் காட்டுகிறார். ஏதோ சத்தத்துக்கு ஒன்று எகிறிக் குதிக்க, பின்னாலேயே வரிசையாக எல்லாம் குதித்ததாம். அடுத்த தடவையிலிருந்து வீட்டில் எத்தனை பேரோ அத்தனை நாற்காலி.

வழியில் மட்டக்குதிரைகள் மேயும். யாருக்கும் சொந்தமில்லை, எப்போதோ கைவிடப்பட்டுக் காட்டோடு போனவற்றின் வம்சம். பார்க்கச் சாதுவாக இருக்கும், பின்னங்கால் சாது இல்லை. பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், பிஸ்கட் நீட்டவிடாதீர்கள். குரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை எங்கள் புளிசோற்றுத் தூக்கைக் கண்ணெதிரே கொண்டுபோனது. மூடியைத் திறக்கத் தெரியாமல் மரத்திலிருந்து கீழே போட்டது. நெளிந்த அந்தத் தூக்கு இன்னும் வீட்டில் இருக்கிறது.

எட்டு மணிக்குள் சதுப்புப் பக்கம் போய்விடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீர்மேல் கானல் ஆடும், எவ்வளவு நல்ல தொலைநோக்கியாக இருந்தாலும் எல்லாம் நெளியும். தொலைநோக்கி இரவலாவது வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பூநாரை உங்களுக்குத் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் பையன் படத்தில் பார்த்த ரோஜா நிறத்தை எதிர்பார்த்துப் போய், "இது கொக்கும்மா" என்று உதட்டைப் பிதுக்கினான். நிற்கும்போது வெள்ளைதான், லேசாக ஒரு ரோஸ் சாயல். குஞ்சுப் பருவம் தாண்டாதவை சாம்பல் நிறத்திலேயே இருக்கும். தின்கிற இரையிலிருந்துதான் அந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, அரிசி களைகிற மாதிரி சலித்துச் சலித்துத் தின்னும். கொஞ்ச நேரம் பொறுங்கள். கூட்டம் எழும்பி இறக்கையை விரிக்கும்போதுதான் விஷயமே. வெளியே வெள்ளை, உள்ளே செக்கச்செவேல் என்று லைனிங், ஓரத்தில் கறுப்புப் பட்டி. பையன் அதற்கப்புறம் கொக்கு என்று சொல்லவில்லை.

காலடியில் ஓடுகிற சின்னதையும் விடாதீர்கள். உள்ளான் வகையில் கொசு உள்ளான் என்று ஒன்று. ஒரு கோழிமுட்டையின் பாதி எடைதான் இருக்கும், வடதுருவத்தை ஒட்டிய ரஷ்யப் பக்கத்திலிருந்து பறந்து வந்து நம் சேற்றில் குத்திக்கொண்டிருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள், எது எங்கே போய் வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் தமிழ்நாட்டிலிருந்து முதலில் சேர்ந்ததும் இதுதான். இதையெல்லாம் பிள்ளைகளிடம் வேனில் சொல்லுங்கள், பறவை எதிரில் இருக்கும்போது வாயைத் திறக்காதீர்கள்.

பத்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்கிறவர்கள்தான் சாயங்காலம் தலைவலி என்று படுப்பவர்கள். வேதாரண்யத்துக்குத் திரும்புகிற வழியில் அகஸ்தியன்பள்ளியில் உப்பளங்களும், உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணும் இருக்கின்றன. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் இங்கேதான் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் அறிவிக்க, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்களாம். பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். பாத்தியில் இறங்காமல் வரப்பிலேயே நின்று பாருங்கள், அது ஒருவருடைய பிழைப்பு.

வேதாரண்யம் கோயிலில் உச்சி வேளைக்கு நடை சாத்துமுன் போய்விட்டால் பெரியவர்களுக்குத் திருப்தி. சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். புளிசோறு, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கூட வாழை இலை. தண்ணீருக்குப் பெரிய கேனும் எவர்சில்வர் டம்ளரும். சாப்பிட்டுவிட்டு ஊருக்குள்ளேயே நிழலில் வண்டியைப் போட்டு ஒரு தூக்கம் போடுங்கள். அதே நாளில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், அது தனி நாள்.

மூன்றரைக்கு மறுபடி உள்ளே. செருப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், ஷூ போட்டுவிடுங்கள். கொசுவுக்கு முழுக்கை. ராமர் பாதம் என்கிற மேட்டில் கல்லில் இரண்டு பாதம் இருக்கிறது. ராமர் அங்கே நின்று இலங்கையைப் பார்த்ததாகச் சொல்வார்கள். மேடு என்றால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர், அதுதான் அந்தப் பகுதியிலேயே உயரம். டெல்டாவில் வளர்ந்த என் பிள்ளைகள் அதையே மலை ஏறுவதாக நினைத்து ஏறினார்கள். சுற்றிலும் காடு தெரியும். பாலை மரங்கள்தான் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வீட்டு மாமரத்தைச் சாய்த்த அதே ராத்திரி இந்தக் காட்டையும் புரட்டிப் போட்டது.

கடைசியில் கடற்கரை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஒரு இடிந்த செங்கல் கட்டிடம் முன்பு இருந்தது, மிச்சமிருந்ததை 2004 சுனாமி கொண்டுபோனது. இலங்கைக் கரை இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். பையன் தொலைநோக்கியில் அரை மணி நேரம் தேடினான். பறவை வருகிற அதே மாதங்களில் வெளியூர் மீனவர்களும் இங்கே வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள், கரையெல்லாம் வலையும் கருவாடுமாக இருக்கும். ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். இருட்டினால் ரோட்டில் மாடும் குதிரையும் குறுக்கே நிற்கும்.

கருவாடு வாங்குவதானால் கிளம்புகிற நேரத்தில், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். டப்பா இல்லாவிட்டால் வேன் கூரைமேல் கட்டுங்கள். நாங்கள் ஒரு தடவை சீட்டுக்கடியில் வைத்துவிட்டோம். மறுவாரம் கல்யாணத்துக்கு அதே வேனைக் கேட்டபோது டிரைவர் தம்பி, "அக்கா, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, கருவாடு உண்டா?" என்றார்.