டர்பன் ஹோவர்ட் கல்லூரியை நடந்து பார்க்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரியா (Berea) என்ற மேட்டின் மேல் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் போனதும் நேரே வாசலுக்கு நடக்காதீர்கள். கிட்டே போனால் முன்சுவர் குவிமாடத்தை மறைத்துவிடும். 50, 60 எட்டு தள்ளி நின்று முழு உருவத்தையும் பார்த்த பிறகு நெருங்குங்கள். 1916-இல், முதல் உலகப் போரின் சோம் (Somme) சண்டையில் மாண்ட தன் மகன் ஹோவர்டின் நினைவாகத் தொழிலதிபர் டி. பி. டேவிஸ் தந்த கொடையில் எழுந்தது, திறந்தது 1931-இல்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஏமாறுவது வெயிலில்தான். இது பூமியின் தென்பாதி என்பதால், ஜூன், ஜூலையில் இங்கே சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமே நிற்கும். தென்சுவர் நிழலிலேயே கிடக்கும், படம் மங்கும். வடமுகத்தைக் காலை 9 மணிக்குப் பாருங்கள்: சாய்வெயிலில் சன்னல் விளிம்பு, தளவரிசை எல்லாம் நிழல் கோடாகத் துலங்கும். உச்சிவேளையில் அந்த அழகு பாதிகூடத் தெரியாது.

வளாகத்தின் பழைய கட்டடங்களில் கடலைப் பார்த்த கிழக்குச் சுவர்களையும் கவனியுங்கள். பழுப்புக் கறையோடு நீளும் விரிசல் கண்ணில் பட்டால், உப்புக்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பிக் காரையைப் பிளக்கிறது என்று அர்த்தம்.

வளாகம் முழுக்க ஏற்றஇறக்கம். வழுக்காத செருப்பு வேண்டும். வாயிற்காவலரிடம் காட்ட அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.