கைத்துப்பாக்கியில் சைட் பிக்சர்: தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: இலக்குத் தாளின் கறுப்பு வட்டத்தில் எங்கே குறி வைப்பது? நடுவிலா, அடிவிளிம்பிலா, அதற்கும் கீழே வெள்ளையிலா? நல்ல கேள்விதான். ஆனால் பலர் பார்ப்பதற்கு எது ரொம்பத் துல்லியமாகத் தெரிகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். எந்த சைட் பிக்சர் (குறி பார்க்கும்போது கண்ணில் தெரியும் காட்சி) நம் கண்ணை, குழல் முனையில் இருக்கும் ஃபிரன்ட் சைட்டை விட்டு நகரவிடாமல் வைத்திருக்கிறதோ, அதைத்தான் எடுக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் அலைன்மென்ட்டையும் சைட் பிக்சரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃபிரன்ட் சைட் நடுவாக நிற்க வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். இது அலைன்மென்ட். இந்த அமைப்பை இலக்கின் எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதும் சேர்ந்தால்தான் சைட் பிக்சர்.

இரண்டில் எது முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். இரண்டு சைட்டுக்கும் இடையே 30 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட் சரியாக இருந்து, கை ஆட்டத்தால் குறி இலக்கின் மேல் 5 மி.மீ. தள்ளித் தெரிந்தால், பெல்லட்டும் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) அதே 5 மி.மீ. தள்ளித்தான் விழும். 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதால் அது அப்போதும் 10 தான். ஆனால் ஃபிரன்ட் சைட் பள்ளத்துக்குள் வெறும் 1 மி.மீ. ஒதுங்கினால், இலக்கில் அது ஏறக்குறைய 33 மி.மீ. ஆகிவிடும். நட்டநடுவில் விழ வேண்டிய பெல்லட் 6-க்குப் போய்விடும். கறுப்பு ஆடுகிறதே என்று கவலைப்படுபவர்கள் பலர். பள்ளத்துக்குள் ஃபிரன்ட் சைட் ஒதுங்குவதைக் கவனிப்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது, எல்லாமே தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில் மட்டும்தான் கண்ணால் கூர்மையாகப் பார்க்க முடியும். ஃபிரன்ட் சைட்டின் மேல்விளிம்பு வெட்டி வைத்தாற்போல் தெரிய வேண்டும், ரியர் சைட் கொஞ்சம் மங்கலாக, இலக்கு இன்னும் மங்கலாக. இலக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று பயந்து கண்ணை அங்கே கொண்டுபோனால், அந்த நொடியில் அலைன்மென்ட் கையை விட்டுப் போய்விடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஃபிரன்ட் சைட்டே மங்கலாகத் தெரியலாம். அவர்கள் கண் மருத்துவரிடம் அந்தத் தூரத்தை அளந்து சொல்லி, அதற்கேற்ற லென்ஸ் போட்டுக்கொள்வதுதான் வழி. இன்னொரு கண்ணை இறுக்கி மூடுவதும் வேண்டாம். குறி பார்க்கும் கண்ணும் சேர்ந்து களைத்துப்போகும். குறி பார்க்காத அந்தக் கண்ணை மறைக்க, அதன் முன்னால் 30 மி.மீ. அகலம் வரை முன்மறைப்பு வைத்துக்கொள்ள சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன.

சரி, எங்கே குறி வைப்பது? கறுப்பின் நடுவில் வைக்கும் சென்டர் ஹோல்டு கேட்பதற்கு நியாயமாகத் தெரியும், எங்கே பட வேண்டுமோ அங்கேயே குறி. ஆனால் கறுப்பு ஃபிரன்ட் சைட் கறுப்பு வட்டத்துக்குள் போனதும் அதன் விளிம்பு கரைந்துவிடுகிறது. மேல்மட்டம் சரியாக இருக்கிறதா என்பதே தெரியாது. நிதானமாகச் சுடும் துல்லியச் சுற்றுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது வீண் சிரமம்.

அதனால் பலரும் சிக்ஸ் ஓ கிளாக் ஹோல்டுக்கு வருகிறார்கள்: கம்பத்தின் மேல் பந்து உட்கார்ந்திருப்பதுபோல், ஃபிரன்ட் சைட்டின் மேல் கறுப்பு வட்டம் தொட்டும் தொடாமலும் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். சிக்கலே அந்த அழகில்தான். கை ஆடாமல் நிற்பது யாருக்கும் முடியாத காரியம். வட்டமும் சைட்டும் சரியாகத் தொடும் கணம் வரும், போகும், மறுபடி வரும். அது வரும்போது பிடித்துவிட வேண்டும் என்று விரல் டிரிகரைச் சடக்கென்று இழுக்கிறது. கூடவே, தொடுகிறதா இல்லையா என்று பார்க்கக் கண் இலக்குக்கு ஓடிவிடுகிறது. ஒரே பிடியில் இரண்டு கேடு. 8, 7 என்று கீழே சிதறும் சுடுகளைப் பார்த்துவிட்டு, கை பலம் போதவில்லை என்று நினைத்து எடை தூக்கப் போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் கையில் இல்லை; அந்தத் தொடும் புள்ளிக்காகக் காத்திருப்பதில்தான் இருக்கிறது. ரொம்ப நேரம் காத்திருந்தால் கண்ணும் சோர்ந்துவிடும். சைட் கீழிறங்கி நிலைபெற்றதும் வரும் சில நொடிகள்தான் சிறந்தவை. அது தாண்டிவிட்டால் சுடாமல் கையை இறக்கிவிடுங்கள்.

துல்லியச் சுற்றுக்கு நான் பரிந்துரைப்பது சப் சிக்ஸ், அதாவது கறுப்புக்கும் ஃபிரன்ட் சைட்டுக்கும் நடுவே வெள்ளை தெரியும்படி கீழே பிடிப்பது. ஏர் பிஸ்டல் தாள் 17 செ.மீ. சதுரம், கறுப்பின் விட்டம் 59.5 மி.மீ.; ஆக கறுப்புக்குக் கீழே சுமார் 55 மி.மீ. வெள்ளை இருக்கிறது. அதில் ஒரு புள்ளியைத் தேடாமல் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறோம். வெள்ளைப் பின்னணியில் சைட்டின் விளிம்பு பளிச்சென்று தெரியும், அதனால் கண்ணும் அங்கேயே நிற்கும். அந்தப் பகுதிக்குள் கை ஆடினால் ஆடட்டும், டிரிகரை ஒரே சீராக அழுத்திக்கொண்டே போகலாம். இதிலும் அளவு மீறக்கூடாது. தாளின் கீழ்விளிம்புக்கே இறங்கிவிட்டால் கண் அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், பழைய கதைதான்.

இலக்கு மாறும்போது சைட் பிக்சரை அப்படியே தூக்கிக்கொண்டு போவது இன்னொரு பெரிய தவறு. கறுப்பின் அடிவிளிம்பில் குறி வைத்து நடுவில் பட வேண்டுமென்றால், ரியர் சைட்டை அந்த வட்டத்தின் ஆரத்துக்கு ஏற்ப ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் அது ஏறக்குறைய 30 மி.மீ. 25 மீட்டர் துல்லிய இலக்கில் கறுப்பு 200 மி.மீ., ஆக 100 மி.மீ. ஏற்ற வேண்டும். வேகமாகச் சுடும் ரேபிட் ஃபயர் இலக்கில் கறுப்பு 500 மி.மீ.! அதன் அடியில் குறி வைப்பதில் அர்த்தமே இல்லை. அங்கே சென்டர் ஹோல்டுதான் எடுபடும். அந்த இலக்கில் இடமும் வலமும் உள்ள வெள்ளைக் கிடைக்கோடுகள் உயரம் பிடிக்க உதவும். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் 30 சுடு துல்லியமும் 30 சுடு ரேபிடும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் சைட் திருகில் எத்தனை கிளிக் வித்தியாசம் என்பதை முன்கூட்டியே சுட்டுப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளாமல் போகாதீர்கள்.

ரியர் சைட் பள்ளத்தின் அகலத்தைப் பலர் தொடுவதே இல்லை. வெளிச்சக் கோடுகள் ரொம்பக் குறுகினால் கண் தடுமாறும், அகலமானால் நடு எது என்று தெரியாது. ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் இதைத் திருகி மாற்றலாம். இரு கோடும் சிரமமில்லாமல் ஒப்பிடத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். திறந்தவெளி ரேஞ்சில் வெயில் ஒரு பக்கம் அடித்தால் சைட்டின் அந்த விளிம்பு பளபளத்து ஏமாற்றும். சைட்டைப் பளபளப்பில்லாத கறுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வெள்ளைப் புள்ளிகள் கொண்ட சைட் என்றால் புள்ளிகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுவார்கள். நிதானமாகச் சுடும்போது மேல்விளிம்புகளைப் பாருங்கள். அப்புறம், தோட்டா எங்கே படும் என்பதும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மாறும். சிலவற்றில் ஃபிரன்ட் சைட்டின் மேல்விளிம்பில் படும், சிலவற்றில் அந்தப் புள்ளிக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடத்தில் படும். சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே ஒரு சுடு தள்ளிப் போனதும் சைட்டைத் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, குரூப்பின் (துளைகள் விழுந்த கூட்டத்தின்) நடு எங்கே என்று பார்த்து, குரூப் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரியர் சைட்டை நகர்த்துங்கள். எந்த ஹோல்டு பொருந்துகிறது என்ற சந்தேகம் வந்தால் தாளைத் திருப்பி மாட்டி வெறும் வெள்ளையில் ஐந்து சுடுங்கள். கறுப்பு இல்லாதபோது குரூப் சுருங்கினால், உங்கள் கண் இத்தனை நாள் இலக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் வெள்ளை இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டி, அதற்கேற்ப சைட்டை ஏற்றிக்கொண்டு மறுபடி சுட்டுப் பாருங்கள்.