இரண்டு பெண்கள், ஒரு வாடகை வீடு: தன்பாலீர்ப்பு உறவைத் திரைக்கதையாக்கும் வழி

கதை எந்த வருடம் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2018 செப்டம்பர் 6-க்குப் பிறகு, வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்திருப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி குற்றமல்ல; 2024 ஜூலையில் அந்தச் சட்டமே விலக்கப்பட்டுவிட்டது. 2023 அக்டோபர் 17-இல் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆகவே இன்றைய கதையில் '377-ல உள்ள தள்ளிடுவேன்' என்று ஒரு இன்ஸ்பெக்டர் மிரட்டினால், அது வெற்று மிரட்டல் என்பது பாத்திரங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நிஜத்தில் அடிக்கடி நடப்பது, 'மகளைக் காணோம்' என்று பெற்றோர் கொடுக்கும் புகார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கும் அப்படித் தொடங்கியதுதான்; அதில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவு பிறப்பித்தார். ஸ்டேஷன் காட்சியையும், 'குணப்படுத்தும்' டாக்டர் காட்சியையும் எழுதும் முன் அந்த உத்தரவை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பேச்சு. படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். வீடு பார்க்கப் போகிறார்கள். 'ரெண்டு பேரும் என்ன முறை?' என்கிறார் ஓனரம்மா. 'பெரியம்மா பொண்ணு' என்று பதில் வருகிறது. அவர் விடமாட்டார்: 'அப்போ அம்மாக்கள் அக்கா தங்கச்சியா? எந்த ஊரு?' ஊருக்கு அடுத்த கேள்வி சாதி. ஒரு பொய் மூன்று பொய்யாகிறது. இருவரில் ஒருத்தி தலித் என்றால் அந்தப் பொய் அவளுக்கு இரட்டைச் சுமை. இதை எழுதாமல் பாத்திரங்களுக்கு ஊர், சாதி, வருமானம் எதுவும் வைக்காவிட்டால், வசதியான ஆதிக்க சாதி வீடு ஒன்று தானாகவே திரையில் வந்து உட்கார்ந்துவிடும்.

வெளியே 'அக்கா', உள்ளே 'வாடி'. யாருக்கு எது என்று ஒரு தாளில் எழுதி, நடிகைகள், டப்பிங் கலைஞர்கள் இருதரப்பிடமும் கொடுங்கள். சமையலறை ஜன்னல் திறந்திருக்கும்போது வாய் தவறி வரும் ஒரு 'டி' போதும், கதை திரும்பிவிடும்.

ஸ்கிரிப்டை லாக் செய்யும் முன் ஒரு கணக்கு. 80 காட்சிகள் இருந்தால், யாரும் எதிர்க்காத, யாரும் அழாத காட்சிகள் அவர்களுக்கு எத்தனை? ஐந்துக்குக் கீழே என்றால் நீங்கள் எழுதியிருப்பது உறவை அல்ல, தண்டனையை. கேஸ் தீர்ந்துபோவது, மாதச் சீட்டுப் பணம், பல்வலி என்று சேருங்கள். ஒருத்தி சாகும் முடிவு வைத்திருந்தால், அவள் பிழைத்திருக்கும் முடிவையும் எழுதிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். இருவரில் ஒருத்தியை நீக்கினாலும் கதை ஓடுகிறதென்றால் அவள் வெறும் அலங்காரம்.

இந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களில் குறைந்தது மூன்று பேரை, வெவ்வேறு ஊர், வெவ்வேறு பின்னணியிலிருந்து, முதல் டிராஃப்டிலேயே அழையுங்கள். நாளுக்கு இவ்வளவு என்று பேசிச் சம்பளம் கொடுங்கள். டைட்டிலில் பெயர் போடலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் கூப்பிட்டால் எதையும் மாற்ற முடியாது, அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். திருநங்கைப் பாத்திரத்துக்குத் திருநங்கையே நடிக்கட்டும், குரலும் அவருடையதாகவே இருக்கட்டும். ஆண் குரலில் டப்பிங் செய்தால் தியேட்டரில் சிரிப்புத்தான் வரும்.

நெருக்கமான காட்சியைச் சண்டைக் காட்சிபோல அசைவு அசைவாக எழுதுங்கள்: கை எங்கே, எத்தனை விநாடி. இரண்டு நாள் முன்பே நடிகைகளின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். டேக்குக்கு நடுவிலும் அதைத் திரும்பப் பெறலாம் என்று அதிலேயே இருக்கட்டும். முழு உடையோடு ஒத்திகை பாருங்கள். செட்டில் டைரக்டர், கேமராமேன், ஃபோகஸ் புல்லர் (கேமராவின் ஃபோகஸைச் சரிசெய்பவர்), சவுண்ட், ஒரு பெண் அசிஸ்டென்ட் மட்டும் இருந்தால் போதும். செல்போன் எல்லாம் வெளியே, கூடுதல் மானிட்டர்களை அணைத்துவிடுங்கள். படத்தில் சேராத ஃபுட்டேஜை யார், எந்தத் தேதிக்குள் அழிப்பார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எடிட் அறையிலிருந்து ஒரு துண்டு கசிந்தால் அந்த நடிகை ஊருக்குத் திரும்ப முடியாமல் போகலாம்.