செல்களை உயிரோடு உறைய வைப்பது எப்படி? டிஎம்எஸ்ஓ வைத்து முதல் பாடம்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நான் உறைய வைத்த எட்டு வயல்களில் (செல்களை அடைத்து வைக்கும் சின்னக் குப்பிகளில்) ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அளவெல்லாம் குறிப்பேட்டில் இருந்தபடிதான் போட்டேன். ஆனால் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு, உறையும்போது செல்களைக் காக்கும் திரவம்) கலந்த செல்களை மேஜையில் அரைமணி நேரம் விட்டுவிட்டு லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் நேராக மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் போட்டேன். இரண்டுமே தவறு. ஏன் தவறு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த வயல்கள் போயிருக்காது. அதனால் காரணத்தை முதலில் சொல்கிறேன்.

குச்சி ஐஸை உறிஞ்சிச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்று தெரியும். கலரும் இனிப்பும் சீக்கிரம் வாய்க்கு வந்துவிடும். குச்சியில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ். தண்ணீர் உறையும்போது தன்னோடு கலந்திருப்பதை ஒதுக்கிவிட்டுத் தான் மட்டும் படிகமாகும். செல்களைச் சுற்றியும் இதேதான் நடக்கிறது. வெளியே ஐஸ் கட்டக் கட்ட, மிச்சமிருக்கும் நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். மெதுவாகக் குளிர்ந்தால் செல் சுருங்கி உப்பில் ஊறும். வேகமாகக் குளிர்ந்தால் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே ஐஸ் கட்டி உறுப்புகளைக் கிழிக்கும்.

இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் வழி போட்டுத் தருவதுதான் டிஎம்எஸ்ஓ. அது செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய், நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. அதனால் எந்தக் குளிர்நிலையிலும் உருவாகும் ஐஸின் அளவு குறைகிறது. உப்பும் அவ்வளவு ஏறுவதில்லை. இந்த வேலையை முதலில் செய்து காட்டியது கிளிசரால். 1949இல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் சேர்த்துச் சேவலின் விந்தணுக்களை உறைய வைத்து மீட்டார்கள். 1959இல் லவ்லாக்கும் பிஷப்பும் டிஎம்எஸ்ஓவைக் கொண்டுவந்தார்கள். பாக்டீரியாவுக்கு இன்றும் கிளிசரால் போதும். ஹேலா (மனிதப் புற்றுநோய் செல்), வீரோ (குரங்குச் சிறுநீரக செல்) மாதிரியான பாலூட்டி செல்களுக்குப் பெரும்பாலும் டிஎம்எஸ்ஓதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. செல்களைத் தேர்ந்தெடுத்தல். நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும்போதே உறைய வையுங்கள். ஃபிளாஸ்க் முழுதாக நிரம்பி மீடியம் (செல்கள் வளரும் சத்துத் திரவம்) மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். முந்தைய நாள் மீடியத்தை மாற்றுங்கள். மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் நுண்ணிய பாக்டீரியா) இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2. லேபிள். இது இரண்டாவது படி, கடைசிப் படி இல்லை. செல்லின் பெயர், பாசேஜ் எண் (எத்தனை முறை புது ஃபிளாஸ்குக்கு மாற்றியது என்ற கணக்கு), தேதி மூன்றையும் ஆல்கஹாலில் அழியாத பேனாவால் எழுதி, காலி வயல்களை அடுக்கி வைத்துவிடுங்கள்.

3. உறைகரைசல். பத்து வயலுக்கு 9 மில்லி சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), 1 மில்லி டிஎம்எஸ்ஓ. டிஎம்எஸ்ஓ சுமார் 18.5 டிகிரியிலேயே உறையும். குளிர்ந்த அறையில் பாட்டில் கட்டியாக இருந்தால் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். இரண்டையும் கலந்ததும் குழாயைக் கையில் பிடித்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். நீரோடு சேரும்போது டிஎம்எஸ்ஓ வெப்பத்தை வெளிவிடும். அந்தச் சூட்டோடு செல்லின் மேல் ஊற்றக் கூடாது. ஐஸில் வைத்துக் குளிரவிடுங்கள். கையுறை அவசியம்: இது தோல் வழியே ஊடுருவும், கரைந்திருக்கும் வேறு பொருளையும் கூட்டிக்கொண்டு போகும்.

4. எண்ணுதல். டிரிப்சின் என்ற நொதியைப் போட்டு, ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்து, சீரம் உள்ள மீடியத்தால் அதை நிறுத்தி, டிரைபான் புளூ சாயம் கலந்து எண்ணுங்கள். செத்த செல் நீலமாகத் தெரியும். 100க்கு 90க்கு மேல் உயிரோடு இருந்தால் மேலே போகலாம்.

5. கலத்தல். மையவிலக்குக் கருவியில் 200 ஜியில் (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசையில்) ஐந்து நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தை எடுத்துவிட்டு, ஒரு மில்லிக்கு 20 லட்சம் செல் வருமாறு குளிர்ந்த உறைகரைசலை ஊற்றி மெல்லக் கலக்குங்கள். வயலுக்கு ஒரு மில்லி. இந்த நிமிடத்திலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். குளிரில் செல்லைக் காக்கும் அதே டிஎம்எஸ்ஓ, அறைச் சூட்டில் அதற்கு நஞ்சு. பத்து நிமிடத்துக்குள் வயல்கள் ஃப்ரீசருக்குள் இருக்க வேண்டும்.

6. குளிர்வித்தல். நிமிடத்துக்கு ஒரு டிகிரி. பெரும்பாலான பாலூட்டி செல்களுக்கு இதுதான் பொருத்தமான வேகம். ஐசோபுரொப்பனால் நிரப்பிய உறைகலத்தில் வயல்களை வைத்து, அதை மைனஸ் 80இல் இரவு முழுக்க விட்டால் ஏறக்குறைய இந்த வேகம் கிடைக்கும்.

7. சேமிப்பு. மறுநாள் உலர் ஐஸில் வைத்து எடுத்துப்போய்த் திரவ நைட்ரஜன் கலனுக்கு மாற்றுங்கள். மைனஸ் 80இல் மாதக்கணக்கில் விட்டால் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மைனஸ் 135 அளவுக்குக் கீழே போனால்தான் மிச்ச நீர் கண்ணாடிபோல் இறுகி, எல்லாம் நின்றுபோகும். திரவத்துக்குள் மூழ்கிய வயலில் நைட்ரஜன் கசிந்து புகுந்திருந்தால், வெளியே எடுத்ததும் வெடிக்கும். முகக்கவசம் இல்லாமல் கலனைத் திறக்காதீர்கள். முடிந்தால் ஆவிப் பகுதியிலேயே வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு வயலை எடுத்துச் சோதியுங்கள். இங்கே விதி தலைகீழ்: உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. மெதுவாக உருகினால் சின்னச் சின்ன ஐஸ் படிகங்கள் சேர்ந்து பெரிதாகிச் செல்லைக் கிழிக்கும். 37 டிகிரி தண்ணீரில் மூடி நனையாமல் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். உள்ளே உளுந்து அளவு ஐஸ் மிதக்கும்போதே வெளியே எடுத்து, ஆல்கஹாலால் துடைத்துத் திறங்கள். வெதுவெதுப்பான மீடியத்தை முதலில் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் டிஎம்எஸ்ஓ வெளியேறுவதற்குள் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் ஊதி வெடித்துவிடும். மொத்தம் பத்து மில்லி ஆனதும் சுற்றி, டிஎம்எஸ்ஓவை அகற்றி, புது மீடியத்தில் ஃபிளாஸ்கில் விடுங்கள்.

மறுநாள் காலை நுண்நோக்கியில் பாருங்கள். உருண்டையாக மிதப்பவை போனவை. தரையைப் பிடித்துக் கால் நீட்டிப் படுத்திருப்பவைதான் நீங்கள் காப்பாற்றியவை. மீடியத்தை மாற்றி, எத்தனை பங்கு ஒட்டியிருக்கிறது என்று வயலின் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.