குட்டியானை (டாடா ஏஸ் மாதிரி சின்ன லோடு வண்டி) எடுக்கப் போறியளா? பெட்ரோலா டீசலான்னு முடிவு பண்ற வழி

ஷோரூம்ல போய் எது நல்லதுன்னு கேட்டா, யார்டுல எந்த வண்டி நிக்குதோ அதுதான் நல்லதுன்னு சொல்லுவாங்க. சித்தப்பா மவனுக்கு வாழைக்குலை ஏத்துற வண்டி எடுக்க நானும் கூட அலைஞ்சேன், அப்போ தெரிஞ்சுகிட்டத வரிசையா எழுதுறேன். லோன், பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் இங்க சொல்லல, அத டீலரே பார்த்துக்குவாரு.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே. யூடியூப்ல ஹெவி டிரக் பெட்ரோலா டீசலான்னு தேடுனா வர்ற வீடியோ பாதி அமெரிக்காக்காரன் போடுறதாக்கும். அங்க ஃபோர்டு எஃப்-250 மாதிரி வண்டியே 7.3 லிட்டர் பெட்ரோல், 6.7 லிட்டர் டீசல்னு ரெண்டுலயும் கிடைக்கும், அதான் அவ்வளவு சண்டை. நமக்கு அந்தச் சண்டையே கிடையாது. ஜல்லி அடிக்கிற டிப்பர்ல இருந்து பிக்கப் வரைக்கும் பெரும்பாலும் டீசல்தான். பெட்ரோல்ங்கிற சாய்ஸ் நமக்கு குட்டியானை, மாருதி சூப்பர் கேரி சைஸ்ல மட்டும்தான் வரும், அதாவது சுமாரா ஒரு டன்னுக்குக் கீழ.

படி 1: ஒரு மாசம் நோட்டு போடுங்க

இப்போ வாடகை வண்டி வச்சு ஓட்டுறீங்கன்னா அந்த ஓட்டத்தையே எழுதுங்க. என்ன சரக்கு, எவ்வளவு எடை, எங்கேருந்து எங்க, அப்புறம் என்ஜின ஆஃப் பண்ணாம ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் ஓடுது. கடைசியா சொன்னத யாரும் எழுத மாட்டாங்க, ஆனா முடிவ அதுதான் பண்ணும், கீழ சொல்றேன். இதுக்கு ஆப் எல்லாம் வேண்டாம், பழைய டைரி போதும்.

படி 2: எடை

ஆர்சி புக்ல லேடன் வெயிட் (லோடோட), அன்லேடன் வெயிட் (காலி வண்டி)னு ரெண்டு இருக்கும், கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தலாம்னு உள்ள எடை. டிரைவர், லோடு ஏத்துற ஆளு எல்லாம் அதுக்குள்ளதான், பின்னாடி நீங்க வெல்டிங் பட்டறையில அடிச்ச கம்பிக் கூண்டும் அதுல குறையும். ரப்பர் பால் பேரல் 200 லிட்டர், நிறைச்சா ஒண்ணு 200 கிலோ பக்கம் வரும், அஞ்சு வச்சா டன் ஆயாச்சு, வண்டிய பார்த்தா பாதி காலியாத்தான் தெரியும். வாழைக்குலை அதுக்கு நேர் எதிர், மேல வரைக்கும் அடுக்குனாலும் அவ்வளவு எடை வராது. சந்தேகம்னா எடைமேடையில ஏத்தி சீட்டு வாங்கிருங்க.

தினமும் டன்ன தாண்டுதுன்னா இதோட நிறுத்திக்கலாம், டீசல் பிக்கப்தான். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, இல்ல கீரிப்பாறை எஸ்டேட் பக்கம் லோடோட ஏறணும்னாலும் நான் டீசல்தான் சொல்லுவேன், ஏன்னா டீசல் கம்மி ஆர்பிஎம்லயே (என்ஜின் சுத்துற வேகம்) இழுக்கும், பெட்ரோல் என்ஜின அலற விட்டு ஃபர்ஸ்ட் கியர்லயே ஏத்தணும், கிளட்சு சீக்கிரம் காலி ஆயிரும்.

படி 3: ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் ஓடும்

நான் ரொம்ப மண்டை காஞ்சது இங்கதான், அதனால கொஞ்சம் நீளமா போவும்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புகை விதி வந்தப்புறம் டீசல் வண்டியில புகைக்குழாய்க்கு நடுவுல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் வருது. புகையில உள்ள கரிய அது பிடிச்சு வைக்கும், பிடிச்சு வச்சத அப்பப்போ எரிக்கவும் செய்யணும். சட்டுனு எரியணும்னா புகை 550, 600 டிகிரி சூட்டுக்கு வரணும். லோடோட காவல்கிணறு வழியா திருநெல்வேலி போற வண்டியில அவ்வளவு சூடு வராட்டாலும் புகை நல்லா சூடாவே இருக்கும், அதுலயே கரி கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு டிரைவருக்கே தெரியாம வேலை முடிஞ்சிரும்.

ஆனா நாகர்கோவிலுக்குள்ள வடசேரி சந்தையில ஏத்தி, கோட்டார்ல ரெண்டு கடை, செட்டிகுளத்துல ஒரு கடைன்னு நிறுத்தி நிறுத்தி ஓடுற வண்டிக்கு சைலன்சரே சரியா சூடாகாது. கரி சேர்ந்துகிட்டே போவும். ஒரு அளவுக்கு மேல போனா வண்டியோட கம்ப்யூட்டரே கூடுதலா டீசல அடிச்சு புகைய சூடாக்கிப் பார்க்கும், அது நடக்கும்போது நின்ன இடத்துலயே ஆர்பிஎம் கொஞ்சம் கூடி இருக்கும், ஃபேன் சத்தமா ஓடும், கீழேருந்து காந்தல் வாடை வரும். அந்த நேரம் பார்த்து நம்மாளு கடை வந்தாச்சுன்னு சாவிய திருப்பி ஆஃப் பண்ணிருவான். பாதியில நின்னு போச்சா, அடுத்த தடவை மறுபடியும் ஆரம்பம், மறுபடியும் ஆஃப்.

எரியாத டீசல் எங்க போவுதுன்னு நினைக்கீங்க? பல வண்டியில அது சிலிண்டர் சுவர் வழியா வடிஞ்சு ஆயிலோட கலக்குது. காலையில என்ஜின் ஆறி இருக்கும்போது டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பார்க்குற கம்பி) உருவித் தொடைச்சு மறுபடி விட்டுப் பாருங்க. ஆயில் மேல் கோட்டத் தாண்டி நிக்குதா, விரல்ல தொட்டா தண்ணி மாதிரி வழுக்குதா, மோந்தா டீசல் வாடை அடிக்குதா, அப்போ விஷயம் இதுதான். ஆயில் குறையலையே, ஏறுதேன்னு சந்தோஷப்படாதீங்க, அந்த ஆயிலோட ஓட்டுனா பேரிங் தேஞ்சிரும்.

டேஷ்போர்டுல டிபிஎஃப் லைட் எரிஞ்சா பயப்படாண்டாம். நல்ல ரோட்டுல ஒரு கியர் கம்மியா வச்சு இருபது நிமிஷம் போல நிறுத்தாம ஓட்டுங்க, பெரும்பாலும் அணைஞ்சிரும். லைட் மின்னிகிட்டே இருந்து வண்டி இழுவையும் குறைஞ்சுதுன்னா ஓட்டிப் பார்க்காதீங்க, சர்வீஸ்ல கொடுத்து கம்ப்யூட்டர் போட்டு எரிக்கச் சொல்லணும். கரி எரியுற நேரம் காஞ்ச ஓலை, சருகு மேல வண்டிய நிறுத்தாதீங்க, தோப்புக்குள்ள போறவங்க கவனம். அந்த ஃபில்டர கழட்டித் தூரப் போடுங்கன்னு சில மெக்கானிக் சொல்லுவாங்க, செய்யாதீங்க, வாரண்டியும் போவும், சட்டப்படியும் தப்பு.

ஆக நோட்டுல உங்க ஓட்டம் எல்லாம் பத்து பதினஞ்சு நிமிஷம்னு இருந்தா, டீசல் எவ்வளவு மைலேஜ் கொடுத்தாலும் நான் பெட்ரோல்தான் எடுப்பேன்.

படி 4: பைசா கணக்கு

டீசல்தான் லாபம்னு மாமாமார் சொல்றது பழைய கணக்கு. பெட்ரோலுக்கு 2010லயே விலைக் கட்டுப்பாட்ட எடுத்தாச்சு, டீசலுக்கு 2014 அக்டோபர்லதான் எடுத்தாங்க, நடுவுல வித்தியாசம் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேலயே போயிருந்துது. அது ரொம்ப சுருங்கிப் போச்சு. டீசல் வண்டிக்கு மைலேஜ் கூடத்தான், ஆனா வண்டி விலையும் கூடத்தானே.

எடுத்துக்காட்டுக்கு, பெட்ரோல் 101 ரூபா, மைலேஜ் 15. டீசல் 93 ரூபா, மைலேஜ் 20. கிலோமீட்டருக்கு 6.73, 4.65, ஆக வித்தியாசம் ரெண்டு ரூபா சொச்சம். டீசல் வண்டி 80,000 ரூபா கூடுதல்னா அத எடுக்க 38,000 கிலோமீட்டருக்கு மேல ஓடணும். மாசம் 2000 ஓடுனா ஒன்றரை வருஷம் தாண்டி லாபம் ஆரம்பிக்கும். மாசம் 600தான்னா அஞ்சு வருஷம் ஆனாலும் வராது. உங்க எண்ண நீங்க போட்டுக்கோங்க. மைலேஜுக்கு மட்டும் கம்பெனி சொல்றதையோ மீட்டர்ல காட்டுறதையோ எடுக்காதீங்க, அதே வண்டி வச்சிருக்கவர்கிட்ட டேங்க் ஃபுல் டு ஃபுல் என்ன வருதுன்னு கேளுங்க.

படி 5: லோடோட ஓட்டிப் பாருங்க

காலி வண்டிய ஷோரூம சுத்தி ஓட்டுறதுல ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு சிமெண்ட் மூடையாவது ஏத்திட்டு ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பாருங்க. மாட்டேன்னு சொல்ற டீலர்கிட்ட நான் வாங்க மாட்டேன்.

அப்டேட்: இத படிச்சவங்க கேட்டது

குளச்சல்ல இருந்து ஒருத்தர் மீன் ஏத்திட்டு கேரளா போற வண்டிக்குக் கேட்டிருந்தாரு. நீண்ட ஓட்டம், டீசலே கொள்ளாம். ஐஸ் உருகி வடியுற உப்புத் தண்ணி சேசிஸ்லயும் டிபிஎஃப் சென்சார் ஒயர்லயும் படும், அதனால லோடு இறக்கின கையோட அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவணும்.

கார் லைசென்ஸ் போதுமான்னு நிறைய பேரு. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி, எல்எம்வி (கார்) லைசென்ஸ் இருந்தா மொத்த எடை 7500 கிலோ வரைக்கும் உள்ள டிரான்ஸ்போர்ட் வண்டிய தனி பேட்ஜ் இல்லாம ஓட்டலாம்.

மழைக்கு? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டுலா. டீசல்ல ஃபியூல் ஃபில்டர் அடியில ஒரு திருகு இருக்கும், டீசல்ல தண்ணி இருக்குன்னு காட்டுற லைட் எரிஞ்சா ஒரு பாட்டில கீழ பிடிச்சுட்டு அதைக் கொஞ்சமா லூஸ் பண்ணி, தண்ணி போயி வெறும் டீசல் வர ஆரம்பிச்சதும் முறுக்கிருங்க. பெட்ரோல் இப்போ எத்தனால் கலந்து வருது, அது ஈரத்த இழுக்கும், அதனால வாரக்கணக்கா நிக்கிற வண்டியில டேங்க அடிமட்டத்துல விடாதீங்க.