வீட்டுக்கல்வி: கத்தோலிக்கக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. அந்த நம்பிக்கையோடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் வீட்டுக்கல்வியைத் தொடங்கும் பலர் முதல் மாதத்திலேயே பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். கால அட்டவணை, பாடவேளை, வாராந்திரத் தேர்வு எல்லாம் வந்துவிடும். பெரிய வகுப்பை நடத்த ஏற்பட்ட முறை அது. ஒரே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அன்றைய கணக்கு சீக்கிரமே முடிந்துவிடும். மிச்ச நேரத்தை இன்னொரு பயிற்சித்தாளால் அடைக்காதீர்கள். அது வாசிக்கவும் விளையாடவும் வீட்டு வேலையில் கைகொடுக்கவும் உரிய நேரம்.

தொடங்குமுன் நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் பிள்ளை பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பக்திப் புத்தகம் என்றாலே நல்ல புத்தகம் என்று எண்ணி வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கோபமே வராத, தடுமாறவே தடுமாறாத புனிதரைப் பத்து வயதுப் பிள்ளை நம்பாது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுப் புனிதர் அவிலா தெரேசா சிறுமியாக இருந்தபோது அண்ணன் ரொட்ரிகோவோடு புனிதர் வரலாறுகளைப் படித்தார். படித்த வேகத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்படும் மறைசாட்சியாக உயிர்விட வேண்டுமென்று இருவரும் வீட்டைவிட்டே கிளம்பிவிட்டார்கள். உறவினர் ஒருவர் வழியில் பார்த்துத் திருப்பி அழைத்துவந்தார். பிள்ளைகளுக்குப் புனிதர் கதை அப்படிச் சாகசமாகத்தான் போய்ச்சேர வேண்டும். கடவுள் பெயரே வராத நாவலையும் ஒதுக்காதீர்கள். துணிவும் மன்னிப்பும் உண்மையாக எழுதப்பட்டிருந்தால் அது நல்ல புத்தகம்தான்.

நல்ல நூல்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டுக் கைபேசியை மேசைமேல் விட்டுவைப்பது அடுத்த தவறு. 1521-ல் ஸ்பெயினின் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்தவர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அவர், வீரசாகசக் கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும். அவற்றைப் படித்துத்தான் அவர் மனம் மாறினார். கைக்கு எட்டுவதைத்தான் பிள்ளையும் எடுக்கும்.

பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கியதும் உரக்க வாசித்துக்காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பன்னிரண்டு வயதுக்காரனும் படம் வரைந்துகொண்டே கேட்பான். அத்தியாயம் முடிந்த கையோடு, 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்று கேட்டால் கதை அங்கேயே செத்துவிடும். சும்மா விடுங்கள். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு வேளையில், 'அவன் ஏன் தம்பியைக் காட்டிக்கொடுத்தான்?' என்று அவனே கேட்பான். மனசாட்சியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வேளை அமையாது.

சண்டை போட்டதற்குத் தண்டனையாகச் செபமாலை சொல்லச் சொல்லாதீர்கள். செபத்தின்மேல் வெறுப்பு வர வேறெதுவும் வேண்டாம். மறைக்கல்வி வீட்டிலேயே நடக்கிறதே என்று பங்குக் கோயிலிலிருந்து ஒதுங்கவும் கூடாது. திருப்பலியில் உதவும் பீடச்சிறுவர் குழு, பாடகர் குழு எதிலாவது பிள்ளை இருக்கட்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டுவது. பல வீடுகளில் வீட்டுக்கல்வி நின்றுபோவது அம்மாவின் களைப்பால்தான். அப்பாவுக்குப் பாடம் நடத்த நேரமில்லை என்றால், இரவு வாசிப்பையாவது அவர் எடுத்துக்கொள்ளட்டும்.